பழி எழுதாத காகிதம்

என்னிடம் ஒரு காகிதம் இருக்கிறது. சர்க்கார் முத்திரை குத்தி, இங்கிலீஷில் டைப் அடித்த ஒற்றை வரிக் காகிதம். அதில் என்னைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. இத்தனை வருஷம் ஆகியும் அதை எடுத்துப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சீனச் சண்டைக்கு முந்தின வருஷம். கண்டோன்மென்ட் பக்கம் ஒரு சர்க்கார் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தேன். வீடு இருந்த ஜோகுபாளையத்திலிருந்து நடந்தே போவேன். எட்டு வருஷம் வேலை பார்த்தும் டெம்பரவரிதான். ஆயாக்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். பிரசவ அறையைக் கழுவுவது, குழந்தைகளைக் குளிப்பாட்டுவது எல்லாம் போக, காலையில் பால் ஊற்றுவதும் என் வேலை. வெளிநாட்டிலிருந்து டின்னில் பால் பவுடர் வரும். வெந்நீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, கட்டி தட்டாமல் கலக்கி, துணியில் வடிகட்டி, வராந்தாவில் டம்ளரோடு நிற்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஊற்ற வேண்டும். நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கிறவள் இல்லை. வரிசையைக் கூப்பிடக்கூட எனக்குக் குரல் வராது. கரண்டியால் அண்டாவை இரண்டு தட்டுத் தட்டுவேன். பேச்சு நின்று வரிசை நகரும்.

ஒருநாள் ஸ்டோர் ரூமில் டின்கள் குறைந்திருந்தன. ஸ்டோர் சாவி ஹெட் கிளார்க்கிடம் இருக்கும். பவுடரைத் தொடுகிறவள் நான். ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாக இருந்த பெரிய டாக்டரம்மா நேராக வராந்தாவுக்கு வந்தார். வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினார்.

"திருட்டுக் கை பால்ல படக்கூடாது. தள்ளி நில்லு."

அவ்வளவுதான். எடுத்தாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். நாக்கு எழாவிட்டாலும் தலையையாவது ஆட்டியிருப்பேன். கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது? தள்ளி நின்றேன்.

மறுநாள் சாயங்காலம் ஹெட் கிளார்க் அந்தக் காகிதத்தைக் கொடுத்தார். மைசூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். அவரே படித்துச் சொன்னார். உன்னுடைய சேவை இனித் தேவைப்படவில்லை. மொத்தமும் அதுதான். டின்னைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. நான் முழித்ததைப் பார்த்து, ஏதோ எனக்கு உபகாரம் செய்த மாதிரி விளக்கினார். முன்னெல்லாம் ஓர் ஆளை அனுப்புவதென்றால் இன்ன குற்றம் என்று எழுதி நோட்டீஸ் கொடுத்து, பதில் வாங்கி, விசாரணை வைத்து, பெரிய தலைவலியாம். இப்போது டெல்லியில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறதாம். டெம்பரவரி ஆள்மேல் குற்றம் எழுதினால்தான் அந்த வம்பெல்லாம். ஒன்றும் எழுதாவிட்டால் ஒன்றும் கேட்க வேண்டாம்.

"சும்னே, சும்மா ஒரு வரி போதும்மா. உங்களுக்கும் கெட்ட பேர் இல்ல, எங்களுக்கும் வேலை மிச்சம்."

கெட்ட பேர் இல்லையாம். நான் வீடு போய்ச் சேருவதற்கு முன்பே அந்தப் பேர் ஜோகுபாளையம் குழாயடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. "பால்காரம்மா வர்றாங்க, வழி வுடுங்கடி" என்றாள் ஒருத்தி. "நல்லபடியா நடந்துகிட்டா டீக்கு ரெண்டு ஸ்பூன் குடுப்பாங்க." எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குத் தண்ணீர் பிடிக்காமல் வெறுங்குடத்தோடு திரும்பினேன். வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம், விடு என்றார் என் வீட்டுக்காரர். அவருக்குப் புரியவில்லை. வேலை போனது போகட்டும். என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வக்கீல் இருந்தார். அவர் மகளை முதல்முதலில் குளிப்பாட்டியவள் நான். என்கூட வேலை பார்த்த அக்கா ஒருத்தி என்னை அவரிடம் அழைத்துப் போனாள். நான் தூணோரம் நிற்க, அவள்தான் நடந்ததையெல்லாம் சொன்னாள். வக்கீல் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல காகிதமாச்சேம்மா. உங்கமேல ஒரு குறையும் சொல்லலையே."

"அதான் சார் கொறை" என்றாள் அக்கா.

அவர் சிரிக்கவில்லை. உட்காரச் சொல்லி, குழந்தைக்குச் சொல்வது போல் சொன்னார். சர்க்கார் ஆளைத் தண்டனையாக வேலையை விட்டு நீக்குவதற்கு முன் அவன் பக்கம் என்ன என்று கேட்டாக வேண்டும் என்று நம் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு டெம்பரவரி ஆளுக்கும் உண்டு என்றுதான் டெல்லி நீதிபதிகள் சொன்னார்கள். ஆனால் தண்டனையாக இல்லாமல் சும்மா அனுப்பினால் கேட்க வேண்டியதில்லை என்றும் சொன்னார்கள். ஆபீஸ்காரர்கள் இந்தப் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

யாரோ ஒருவர் வழக்கு. அவர் யாரென்று எனக்குத் தெரியாது, நான் ஒருத்தி இருப்பது அந்த நீதிபதிகளுக்குத் தெரியாது. அங்கே அவருக்குச் சொன்ன வார்த்தை இங்கே என் அண்டாவரைக்கும் வந்துவிட்டது. வருகிற வார்த்தை பாதியாக வந்தால் அதைத் தட்டிக்கேட்க ஆள் வேண்டாமா?

வழி இல்லாமல் இல்லை என்றார் வக்கீல். காகிதத்தில் என்ன இருக்கிறது என்பதோடு நிற்காமல், உள்ளே நடந்தது என்ன என்று கோர்ட் பார்க்கலாம். ஹைகோர்ட்டில் ரிட் மனு போடலாம். டாக்டரம்மா திருட்டுக் கை என்று சொன்னதைக் காதால் கேட்டவர் ஒருவர் சத்தியம் பண்ணி எழுதித் தர வேண்டும். சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார்.

அக்கா தரையைப் பார்த்தாள். "நானும் டெம்பரவரிதானே சார்."

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கும் ஒரு வரி அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? என் வாயை அடைத்த அதே காகிதம் பார்த்தவர்கள் வாயையும் அடைத்துவிட்டது.

கிளம்பும்போது வக்கீல் பெருமூச்சு விட்டார். திருடி என்று எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை இருந்திருந்தால் ஜெயித்துக் காட்டியிருப்பேன் என்றார். அவர் மனசு கேட்காமல் சொன்னது. அந்த வார்த்தை என் மனசைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஹெட் கிளார்க் தடுக்கத் தடுக்க டாக்டரம்மா அறைக்குள் நுழைந்து, காகிதத்தை மேஜைமேல் வைத்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததால் வாய் வந்தது.

"நான் திருடினேன்னு இதுல எழுதிக் குடுங்கம்மா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எழுதினால் எனக்குத்தான் கெடுதல், அது தெரியாமல் பேசுகிறேன் என்றார்.

"வாயால சொன்னீங்களே. அதையே எழுதுங்க."

"நான் என்ன சொன்னேன்?"

என் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டார். எட்டு வருஷத்தில் அவர் என்னைக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

வெளியே வந்தேன். புதிதாக வந்த ஆயா பாலைக் கட்டி தட்டவிட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கி அண்டாவை இரண்டு தட்டுத் தட்டினேன். பேச்சு நின்றது. வரிசை என் பக்கம் திரும்பியது.

"என்னை ஒருத்தரும் கேக்கல. கேக்காமலே சொல்றேன். டின்னை நான் எடுக்கல."

வரிசையில் முதலில் நின்ற பெண் டம்ளரை நீட்டினாள். "அது சரி தாயி, பால் ஆறுது." அவளுக்கு நிறைமாசம், பசி. ஊற்றிவிட்டுக் கரண்டியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வழக்கு நடக்கவில்லை. சில மாதம் கழித்து ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை கேட்டுப் போனேன். தலைமை ஆசிரியை அந்தக் காகிதத்தைப் படித்து, சுத்தமான பேப்பர், நாளைக்கே வாங்க என்றார். நான் நகரவில்லை. அங்கே என்னைத் திருடி என்று சொல்லித்தான் அனுப்பினார்கள், நான் எடுக்கவில்லை என்று நானாகவே சொன்னேன். அவர் கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"இதுல அப்படி ஒண்ணும் இல்லையேம்மா" என்றார்.