ஆல்வினின் தலையும் ஏழாவது விதியும்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள். மூன்ஸ்டர் நகரத்துத் தபால்காரர் ஆல்வின் டெர்ப்ரூகனுக்கு அது கொஞ்சம் அதிகப் பிரதானமாகவே அமைந்துவிட்டது. அலுவலகத்தில் கொடுத்த தொப்பி உச்சந்தலையில் உட்கார்ந்ததே தவிர, உள்ளே இறங்கவில்லை. முப்பத்தெட்டு வருடம் மஞ்சள் சைக்கிளில் வெறுந்தலையோடு நனைந்துகொண்டே கடிதம் கொடுத்தார். "பூசணிக்கா வருது, கதவைத் திற" என்று தெருவில் கேலி பேசுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரிக்கிறவனுக்கு வலிக்காது என்று யார் சொன்னது?

அப்பேர்ப்பட்டவருக்கு ஆசை எதில் வந்தது பாருங்கள், தொப்பியில்! ஒரு பண்ணை வீட்டுப் பரணில் கிடந்த ஹுஸார் குதிரைப்படை அதிகாரியின் தொப்பி, கறுப்பு உரோமமும் வெள்ளிச் சரிகையுமாக, ஒருநாள் அவர் கைக்கு வந்தது. அன்று பிடித்த பித்து இன்னும் தெளியவில்லை. சிப்பாய்க்குப் படையே தொப்பி கொடுத்துவிடும். அதிகாரியோ தன் காசில், தன் தலையளவுக்குச் செய்துகொள்வார். தொப்பியின் முன்னால் உள்ள முத்திரைத் தகட்டைக் கழற்றி, அடித்தோலில் உள்ள துளைகளைப் பார்த்தே, தகடு பழையதா, பிற்பாடு எவனாவது மாற்றியதா என்று சொல்லிவிடுவார் ஆல்வின். ஊரில் வேறு யாருக்கும் அந்தக் கண் கிடையாது.

இதே பித்துப் பிடித்த எட்டுப் பேர் சேர்ந்து சங்கம் தொடங்கினார்கள். முதல் நாளே ஆளுக்கொரு தொப்பியை மாட்டிக்கொண்டு படமெடுக்க நின்றார்கள். ஆல்வினுடையது பானைமேல் கவிழ்த்த கிண்ணமாக ஆடியது. சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் படத்தில் அவர் மட்டும் தொப்பியைக் கையில் வைத்திருக்கிறார்.

மறுமாதம் தலைவரானதும் ஆல்வின் செய்த முதல் காரியம், ஏழாவது விதியை எழுதியது: 'சேகரிப்பை எவரும் தலையில் அணியலாகாது. வியர்வை பட்டால் உள்ளே உள்ள பட்டு கெடும். மீறுபவர் எல்லாருக்கும் பீர் வாங்க வேண்டும்.' காரணம் என்னவோ நியாயமானதுதான். நிஜக் காரணம் அவர் மனைவி மெக்டில்டுக்கு மட்டும் தெரியும். இருபத்தாறு வருடம் அந்த விதியை யாரும் மீறவில்லை.

போன வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை மதியம். மதுக்கடையின் பின்னறையில் எட்டுப் பேரும் வெள்ளைக் கையுறையோடு, ஆளுக்கொரு தொப்பியை மேசையில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். மெக்டில்ட் கறுப்பு ரொட்டியில் ஹாம் வைத்துக்கொண்டிருந்தாள். அப்போது குதிரை வைத்தியர் ஒட்டிலியே சாண்ட்ஹாகே என்ற அம்மாள், சேறு அப்பிய பூட்ஸோடு உள்ளே வந்து, ஒரு தோல்பெட்டியைத் திறந்தார். உள்ளே ஈட்டிப்படை அதிகாரியின் தொப்பி: உச்சியில் சதுரத் தட்டு, முன்னால் பொன்முலாம் பூசிய கழுகு.

"எங்க தாத்தாவோட அண்ணன் போட்டது. கண்ணாடிக்குள்ள அடைச்சு வைக்கத் தரமாட்டேன். யார் தலையில சரியா உக்காருதோ, அவங்க சும்மாவே எடுத்துட்டுப் போங்க," என்றார்.

பல் மருத்துவர் கீசெல்ஹர் பெருமூச்சு விட்டார். "அது நடக்காதும்மா. எங்க தலைவர் விதி அப்படி."

ஆல்வின் தொப்பியைத் திருப்பி உள்பட்டையை விலக்கினார். பென்சிலில் தலைச்சுற்றளவு 63 சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தது. அவருக்குக் குளிர்காலக் குல்லா பின்னுகிற மெக்டில்ட் எட்டிப் பார்த்தாள். அந்த எண் அவளுக்கு மனப்பாடம்.

"ஆல்வின்..." என்றாள் மெல்ல.

அவர் தொப்பியை இன்னொரு தரம் திருப்பினார். போட்டுப் பார்த்தால் விதி போச்சு, மானமும் போச்சு. போடாவிட்டால் இந்த ஜென்மத்தில் இன்னொரு தொப்பி வராது.

"அப்ப நான் கிளம்பறேன்," என்று ஒட்டிலியே தொப்பியை வாங்கிப் பெட்டியில் வைத்து வாரைப் பூட்டினார்.

"நில்லுங்க!" ஆல்வின் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "அந்த விதி பட்டுக்காக எழுதினதில்ல. எனக்காக எழுதினது. என் மண்டைக்கு எந்தத் தொப்பியும் பத்தல. நீங்கல்லாம் போட்டுக்கிட்டு நிக்கறதப் பாக்க எனக்குப் பொறுக்கல. அதான்... தப்புதான். மன்னிச்சிடுங்கப்பா."

கீசெல்ஹர் தொண்டையைச் செருமினார்.

"நான் ஞாயித்துக்கிழமைதோறும் போட்டுக்கறேன். ஷேவ் பண்றப்போ."

"பட்டு?" என்றார் ஆல்வின், பழக்க தோஷத்தில்.

"அடியில கைக்குட்டை வச்சுப்பேன்யா!"

"நான் ஃபுட்பால் பாக்கறப்போ," என்றார் மூலையில் இருந்த பேக்கரிக்காரர். "கோல் விழுந்தா கழட்டிக் கும்பிடுவேன்."

ஒருவர் பாக்கியில்லை. ஊருக்குத்தான் உபதேசம்! மெக்டில்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இருபத்தாறு வருஷமா எட்டுத் திருடனுக்கு ரொட்டி வெட்டியிருக்கேன்!"

ஒட்டிலியே வாரை மறுபடி அவிழ்த்து, குதிரைக்குக் கடிவாளம் போடுகிற கைகளால் தொப்பியை ஆல்வின் தலையில் வைத்தார். அது இறங்கியது. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம்விட்டு நின்றது. தாடைச் சங்கிலியும் சரியாக வந்து மாட்டியது. தலையை ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எனக்குச் சொல்லும்போதே சந்தோஷமாக இருக்கிறது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. விதிப்படி எல்லாருக்கும் பீர் வாங்கிக் கொடுத்ததோடு சரி. அப்புறம் எட்டுப் பேரும் தொப்பி மாட்டிக்கொண்டு சுவரோரம் வரிசையாக நின்றார்கள். பீர் கொண்டுவந்த பெண் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"தலைவரே, கொஞ்சம் குனிங்க. தொப்பி படத்துல அடங்கல."

"குனியமாட்டேம்மா," என்றார் ஆல்வின். "நீ பின்னால தள்ளிப் போய் எடு."