சோதனை ஓட்டமும் என் அக்காவின் தூக்கமும்

அக்காவை முழு விழிப்போடு நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. அவள் ஆஸ்பத்திரியில் இரவுப் பணி நர்ஸ். காலையில் வீடு திரும்பியதும் அத்தானைக் கவனிக்க வேண்டும். அவர் லாரி ஓட்டியவர். ஒரு விபத்தில் முதுகெலும்பு போய்ப் படுக்கையோடு கிடக்கிறார். அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, உடம்பைத் துடைத்து, ஊட்டி, மாத்திரை கொடுத்தால் பத்து மணி வாக்கில் கண் அயர்வார். அவர் எழுந்திருப்பதற்குள் இவள் தூங்கி முடித்துவிட வேண்டும். பகல் வேலைக்கு மாறிக்கொள்ளேன் என்று புத்தி சொல்லாத ஆள் கிடையாது. பகலில் அவரை யார் பார்ப்பது? இரவில் என்றால் கல்லூரிக்குப் போகும் மகள் வீட்டில் இருக்கிறாள். எல்லாருக்கும் ஒத்துவந்த ஏற்பாடு அது. அக்காவுக்கு மிஞ்சியது அந்தக் கொஞ்ச நேரத் தூக்கம்தான்.

அதிலும் ஒரு நாள் கை வைத்தார்கள்.

எங்கள் ஊர் அணுமின் நிலையத்தில் மின்சாரம் போனால்கூட உலையைக் குளிர்விக்கும் தண்ணீர் நிற்காமல் ஓட வேண்டும். அதற்கென்று அவசர ஜெனரேட்டர்கள் இருக்கின்றன. பழையவை பள்ளத்தில் இருந்தன. வெள்ளம் வந்தால் மூழ்கிவிடும் என்று, புதிதாகப் பெரிய ஜெனரேட்டர்களை மேட்டில் வைக்க முடிவு செய்தார்கள். அந்த மேடு அக்கா வீட்டுப் பின்சுவரிலிருந்து கூப்பிடு தூரம். வைப்பதற்கு முன்னால் சுற்றுச்சூழல் ஆய்வு நடத்தினார்கள். புகை எவ்வளவு, எண்ணெய் சிந்தினால் எங்கே ஓடும், சத்தம் யாரைப் பாதிக்கும் என்று பெரிய அறிக்கை. நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். ஊர்க்காரர்கள் கேட்டதால் அந்த அறிக்கை என் மிஷினில்தான் பிரதியெடுக்கப்பட்டது. சும்மா இருக்க முடியாமல் படித்தும் பார்த்தேன்.

ஜெனரேட்டர் சும்மா கிடந்தால் துருப்பிடிக்குமாம். வாரம் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். 'மக்களின் உறக்கம் கெடாத வகையில் சோதனை ஓட்டம் காலை பத்து மணிக்கு நடத்தப்படும்' என்று போட்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேட்டில் ஆந்தைகள் இருக்கின்றன, அவை பகலில் தூங்கும் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். அக்கா வீடு வரைபடத்தில் ஒரு புள்ளி. பக்கத்தில் 'மிக அருகிலுள்ள வீடு' என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

"பாருக்கா, ஆந்தைக்கு ரெண்டு பக்கம். உனக்கு ஒரு புள்ளி" என்று கொண்டுபோய் நீட்டினேன்.

அக்கா சிரித்தாள். "ஆந்தையாவது அலறும்டி. நான் என்னிக்கு வாயைத் திறந்தேன்?"

"இப்பத் திற. ஜெனரேட்டரே வேண்டாம்னு சொல்லு."

"அதை மட்டும் சொல்ல மாட்டேன். ஒரு தடவை ஆஸ்பத்திரில கரண்ட் போச்சு, ஜெனரேட்டரும் கிளம்பல. மூச்சு மிஷின் நின்னுபோன ஒரு பெரியவருக்குக் கையால ரப்பர் பையை அமுக்கி அமுக்கி மூச்சு கொடுத்தேன். கரண்ட் வந்தப்ப என் விரலை நீட்ட முடியலை. நல்லா ஓட்டிப் பாக்கட்டும். சாயங்காலம் நான் எழுந்ததுக்கப்புறம் ஓட்டட்டும், அது போதும்."

இதைச் சொல்வதற்கென்றே கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில், பகல் பதினொன்றுக்கு. ஊரெல்லாம் விழித்திருக்கும் நேரம் என்று பார்த்து வைத்திருக்கிறார்கள். அக்கா அத்தானைத் தூங்க வைத்துவிட்டு, சீருடையைக்கூட மாற்றாமல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். முன் வரிசையில் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் இருந்தார்.

ஆய்வு அதிகாரிக்கு நல்ல சாந்தமான குரல். எண்ணெய்த் தொட்டியைப் பற்றி அவர் படிக்கப் படிக்க, மேலே மின்விசிறி சுற்ற, அக்காவின் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. நம் முறை வரும்போது எழுப்பிக்கொள்ளலாம், அதுவரை தூங்கட்டும் என்று விட்டேன்.

அப்போது அதிகாரி, "மிக அருகிலுள்ள வீட்டில் எவ்வளவு சத்தம் கேட்குமோ, அதே அளவில் இப்போது போட்டுக் காட்டுகிறோம்" என்றார். ஒலிபெருக்கி உறுமியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முன் வரிசையில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். அக்கா அசையவில்லை.

"சார், அந்த வீட்டுக்கார அம்மாதான் அங்க தூங்கறாங்க!" என்று பின்னாலிருந்து ஒரு உற்சாகப் பேர்வழி கத்தினான். மண்டபமே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, சிரிப்பு வந்தது, சிரித்தார். ஆனால் அவர் பக்கத்தில் இருந்த உதவியாளர் அக்கா தூங்கியதைக் குறித்துக்கொண்டார்.

நான் உலுக்கியதும் அக்கா பதறி எழுந்து, "எந்த பெட்? யாருக்கு?" என்றாள். மறுபடியும் சிரிப்பு. தலைமை நர்ஸ் திரும்பிப் பார்த்தார். அக்காவின் முகம் செத்துவிட்டது.

"உங்க கருத்தைச் சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி.

"ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் எழுந்து கத்தினேன். "உங்க வீடு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார் அதிகாரி. என் வீடு ஊரின் மறுகோடியில். "அப்ப உக்காருங்க" என்றார். கூட்டம் முடிந்ததும் விடாமல் அவரைப் பிடித்தேன்.

"சாயங்காலம்னா ஷிப்ட் மாற நேரம்மா, சோதனைக்கு ஆள் இருக்க மாட்டாங்க. அதோட, அவ்வளவு சத்தத்துலயும் அவங்க நல்லாத்தானே தூங்கினாங்க?" என்றார்.

"ராத்திரியெல்லாம் நின்னுட்டு வந்தவளைத் தூக்கி ரயில் தண்டவாளத்துல போட்டாலும் தூங்குவா சார். அதுக்காக அங்கயே பாய் போட்டுடுவீங்களா?"

அவர் காரில் ஏறிக்கொண்டார்.

இறுதி அறிக்கையும் என் மிஷினுக்கே வந்தது. 'ஒலிச் சோதனையின்போது மிக அருகிலுள்ள வீட்டில் வசிப்பவரின் உறக்கம் கலையவில்லை. குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை.' ஆந்தைகள் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் மட்டும் சோதனை சாயங்காலத்துக்கு மாற்றப்படுமாம். அதற்கு ஆள் கிடைத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தை அக்காவிடம் காட்டவில்லை. ஆந்தை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, பாவம். வயிற்றெரிச்சல் மட்டும் அடங்கவில்லை.

ஜெனரேட்டர்கள் வந்தன, சோதனையும் தொடங்கியது. வாரத்தில் ஒரு நாள்தானே, பழகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சில வாரம் கழித்து ஒரு முற்பகலில் அக்கா வீட்டுக்குப் போனேன். அன்று சோதனை நாள் இல்லை. தெருவே அமைதியாக இருந்தது. அக்கா கட்டிலின் ஓரத்தில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"தூங்கலையாக்கா? இன்னிக்கு ஓட்ட மாட்டாங்களே."

"தெரியும். கண்ணை மூடினா, எப்ப ஆரம்பிப்பானோன்னு காது காத்துக்கிட்டே இருக்கு. எல்லா நாளும் அப்படித்தான்." என் பக்கம் திரும்பினாள். "நேத்து ராத்திரி பக்கத்துப் பெட்டுக்குப் போட வேண்டிய ஊசியை ஒரு பொண்ணுக்குப் போடப் போயிட்டேன்டி. 'எனக்கு ஊசி நிறுத்தியாச்சுன்னு டாக்டர் சொன்னாரே சிஸ்டர்'னு அது கேட்டுச்சு. ஊசி முனை தோல் மேல இருந்துச்சு. அது தூங்கிட்டிருந்தா முடிஞ்சிருக்கும்."

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "யாருக்காவது தெரியுமா?"

"நானே தலைமை நர்ஸ்கிட்டப் போய்ச் சொன்னேன். திட்டலை. அன்னிக்கு மண்டபத்துல உன்னைப் பாத்தப்பவே இப்படி ஏதாவது ஆகும்னு எனக்குத் தோணுச்சும்மான்னாங்க. இனிமே வார்டுல என்னை விட மாட்டாங்க. விடவும் கூடாது."

யாரையாவது நன்றாகத் திட்ட வேண்டும் போலிருந்தது. திட்டுவதற்கு அங்கே யாரும் இல்லை. அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்த உலைக்குக் கரண்ட் போனா என்ன ஆகும்னு எவ்வளவு பேர் உக்காந்து யோசிச்சாங்க பாரு. நல்லதுதான், யோசிக்கணும். நான் தூங்கலைன்னா யாருக்கு என்ன ஆகும்னு ஒருத்தரும் கேக்கலை. கருத்தைச் சொல்லுன்னு கேட்ட அன்னிக்கு நான் ஒண்ணுமில்லைன்னுட்டேன்."

உள்ளே அத்தான் முனகினார். திருப்பிப் படுக்க வைக்க வேண்டிய நேரம். அவள் தலைப் பக்கம் போனாள். நான் கால் பக்கம் பிடித்துக்கொண்டேன்.