அப்பாதுரை கழற்றிய இரண்டு டயர்கள்

உங்கள் வண்டியின் டயரைக் கடைசியாக எப்போது கையால் தொட்டுப் பார்த்தீர்கள்? வண்டி வாங்கிய அன்று எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தீர்களே, அதைச் சேர்க்காதீர்கள். அன்று குனிந்தது பழத்துக்காக. டயருக்காக எப்போது குனிந்தீர்கள்?

பதில் வரவில்லையென்றால் அப்பாதுரையைப் பற்றிக் கேளுங்கள்.

திருவண்ணாமலையிலிருந்து வேங்கிக்கால் போகும் சாலையில் ஒரு டயர் கடை. 1989-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அப்பாதுரைக்கு இருபத்து நான்கு வயது. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. லாரி டயரைக் கம்பியால் நெம்பி, சம்மட்டியால் அடித்துக் கழற்றிய காலம் அது. பிறகு கழற்றிப் பூட்டும் மெஷின் வந்தது. டியூப் இல்லாத டயர் வந்தது. சக்கரத்தின் ஆட்டத்தைத் திரையில் காட்டும் கம்ப்யூட்டரும் வந்தது. எது வந்தாலும் அப்பாதுரை ஒரு டயரை முதலில் பார்ப்பது கட்டைவிரலால்தான். நகத்தை ரப்பரில் அழுத்துவார். பள்ளத்தில் விரலை விட்டு ஓட்டுவார். "இது இன்னும் ஒரு மழைக்காலம் தாங்கும்" என்பார். அல்லது, "இத இன்னிக்கே கழட்டிடுங்க" என்பார். லாரி டிரைவர்கள் அவர் பேச்சைத் தட்டியதில்லை.

அதே ஆண்டில்தான் வேதாவைக் கல்யாணம் செய்துகொண்டார். ரமணாசிரமம் பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் விடுதி ஒன்றில் அறைகளைப் பெருக்கி, படுக்கை விரிப்புகளைத் துவைத்து உலர்த்தும் வேலை அவளுக்கு. வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

"யோவ் டயர்க்காரரே, தக்காளிய ஏன் அந்த அமுக்கு அமுக்கற? அது எத்தினி மழைக்காலம் தாங்கும்னு பாக்கறியா?" என்பாள் சந்தையில், நாலு பேர் கேட்கும்படி.

"நல்லதா பாத்து எடுக்க வேணாமா?"

"என்னையும் இப்பிடிப் பாத்துத்தான் எடுத்தியா?"

"எங்க பாத்தேன்? பாத்திருந்தா இவ்ளோ வாய் இருக்கறது தெரிஞ்சிருக்குமே."

கடைக்காரி சிரிப்பாள். வேதா தக்காளியைப் பிடுங்கித் தானே பொறுக்குவாள். பதினைந்து வருடம் இப்படியே போயிற்று. இனியா என்று ஒரே மகள். ஒன்பதாம் வகுப்பு வந்துவிட்டாள்.

2004 ஆவணியில் அந்தக் கார் வந்தது.

கீழ்பென்னாத்தூர் அரிசி ஆலைக்காரரின் மகன் இளஞ்செழியனுக்கு வயது இருபத்து மூன்று. அவன் அப்பாவுடைய லாரிகள் பன்னிரண்டுக்கும் டயர் மாற்றுவது இந்தக் கடைதான். பையனுடைய வெள்ளைக் காரைச் சென்னையில் விட்டு, இஞ்சினைப் பிரித்து வலுவேற்றியிருந்தார்கள். அது தெருமுனையில் வரும்போதே கடையின் தகரக் கூரை அதிரும். டிக்கியைத் திறந்து இரண்டு புது டயர்களை உருட்டி இறக்கினான்.

"அண்ணா, முன்னாடி ரெண்டுக்கும் இதப் பூட்டுங்க. இழுக்கறது முன் சக்கரம்தான்."

அப்பாதுரை நகத்தை அழுத்தினார். வேப்பம்பிசினில் இறங்குவது போல இறங்கியது. பள்ளம் என்று சொல்ல இரண்டு மூன்று மெல்லிய கோடுகள்தான் இருந்தன.

"இன்னா தம்பி இது, பாதி தேஞ்ச மாதிரி கீது?"

"புதுசுணா! டிராக் ரேடியல். ஃபாரின்லருந்து வரவெச்சது." பையன் உற்சாகமாக விளக்கினான். சென்னைக்கு வடக்கே பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடக்கிறது. வளைவு கிடையாது, கால் மைல் நேர்கோடு, யார் முதலில் கடக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. காற்றைக் கொஞ்சம் குறைத்து, சக்கரத்தைச் சுழலவிட்டுச் சூடாக்கினால் இந்த மெத்து ரப்பர் தரையைக் கவ்விக்கொள்ளும். "சுத்தமா மழமழன்னு இருக்கற பந்தய டயரு ரோட்டுக்கு ஆவாது. இது ஆவும். அதாண்ணா இதோட விசேஷம். பந்தயத்துக்கும் போலாம், அப்பிடியே வீட்டுக்கும் ஓட்டினு வந்துடலாம்."

"மழைல?"

இளஞ்செழியன் டயரோடு வந்த தாளை எடுத்துப் பார்த்துச் சிரித்தான். "தண்ணி நிக்கற ரோட்டுல ஓட்டாதன்னு போட்டுக்கறான். அவன் ஊருல ஐஸ் பெய்யும்ணா. நம்ம ஊருல மழையே இல்ல."

"தம்பி, டயர்ல பள்ளம் எதுக்கு வெட்டறான்? தண்ணி ஓடறதுக்கு. இதுல எந்த வழியா ஓடும்? டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுலயே நிக்கும். வண்டி தண்ணி மேல மெதக்கும். நீ ஸ்டீரிங்க எந்தப் பக்கம் ஒடிச்சாலும் அது நேராத்தான் போவும்."

"காலைல பெரிய கோயில் வாசல்ல பூஜை போடறோம்ணா. நாலு சக்கரத்துக்கும் பழம். போதுமா?"

பெயர் மட்டும் சங்ககாலத்துப் பெயர். அறிவை நான்கு எலுமிச்சம்பழங்களிடம் ஒப்படைத்துவிட்டான்.

உள்ளே இருந்து முதலாளி ராமகிருஷ்ணன் குரல் கொடுத்தார்: "அப்பாதுரை, மாட்டச் சொன்னா மாட்டு. க்ளாஸ் எடுக்காத."

மாட்டினார். மாட்டும்போதே சொன்னார்: "பந்தயம் முடிஞ்சதும் எங்கிட்ட வா, ராசா. நானே மாத்திக் குடுக்கறேன். ஐப்பசி பொறந்தா இது ரோட்டுல இருக்கக் கூடாது."

அதற்குப் பின் அந்தக் காரை எங்கே கண்டாலும் அப்பாதுரை கையைக் காட்டி நிறுத்துவார். "கழட்டிடலாமா தம்பி?" "அடுத்த வாரம்ணா!" என்று பறந்துவிடும். வீட்டில் இதே புலம்பல்.

"உன் பந்தயக்காரன் இன்னிக்குச் செங்கம் ரோட்டுல பறந்தான்யா" என்றாள் வேதா ஒரு நாள். "மலை சுத்த வந்த சனமெல்லாம் சாமிய வுட்டுட்டு உசுரக் கையில புடிச்சினு ஓடுது."

"மழை பெய்யும்போது அந்தக் காரப் பாத்தன்னா, நீ ரோட்ட வுட்டே எறங்கி நின்னுடு. வெளயாட்டு இல்ல, வேதா."

"செரிங்க, டயர் டாக்டரே."

ஐப்பசி பிறந்து பத்தாம் நாள். மதியத்திலிருந்து விடாத மழை. மாலை ஐந்தரை மணிக்கு வெள்ளைக் கார் கடை வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அரிசி ஆலையில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் அப்பாசாமி. டிக்கியில் பழைய டயர்கள் இரண்டும் இருந்தன.

"தம்பி இப்பத்தான் உன் பேச்சுக்கு வந்துச்சு. அந்த டயரு ஆவாதாம். சட்டுனு மாத்திக் குடு."

அப்பாதுரைக்கு அன்று வந்த மகிழ்ச்சியை எதனோடு ஒப்பிடுவது? ஒரு மனிதன் இரண்டு மாதம் சொன்னதை ஊரில் ஒருவன் கேட்டுக்கொண்டான். ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். முன் பம்பரில் விரிசல் இருந்தது.

"இன்னாங்க இது?"

"ஆடு ஒண்ணு குறுக்க வந்துடுச்சு."

"ஐயையோ. பொழைச்சுதா?"

"பொழைச்சுக்கும், பொழைச்சுக்கும். நீ வேலையப் பாரு."

மெத்து ரப்பர் வழியில் கிடந்ததையெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. டயரைக் கழற்றிக் கொடுப்பதற்கு முன் அதில் சிக்கிய கல்லை ஸ்க்ரூடிரைவரால் நோண்டி எடுத்துவிடுவது அவர் வழக்கம். ஜல்லிப் பொடி வந்தது. ஒரு மூடியின் துண்டு வந்தது. பிறகு கரும்பச்சை நிறத்தில் வளையல் சில்லு இரண்டு வந்தன. யார் காலிலாவது குத்தப் போகிறதே என்று அவற்றைத் தனியாக எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். பழைய டயர்களைப் பூட்டி, கழற்றியவற்றை டிக்கியில் ஏற்றி, காற்றை அளந்து நிரப்பி, சேற்றைக் கழுவிவிட்டார். "தம்பிய நான் கேட்டதாச் சொல்லுங்க" என்று வழியனுப்பினார்.

கார் திரும்பிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. விடுதிக்கு எதிரில் நிறுத்தும் ஆட்டோக்காரர் நனைந்தபடி வந்து நின்றார். "அண்ணா, வாங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போவணும்."

"யாருக்கு?"

அவர் ஆட்டோவைக் கிளப்பினார்.

வேதாவைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். கரும்பச்சை வளையல்கள், தீபாவளிக்கென்று கை நிறைய வாங்கியவை, இடது கையில் அப்படியே இருந்தன. வலது கை வெறுமையாகக் கிடந்தது. அப்பாதுரை அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அழவில்லை. அப்புறம் மழையில் கடைக்கே ஓடினார். குப்பைத் தொட்டியைத் தரையில் கவிழ்த்து, முட்டி போட்டு, இரண்டு சில்லுகளையும் தேடி எடுத்தார். அதன் பிறகுதான் அழுதார். தன் கையால், சந்தோஷமாக, ஒரு தடயமும் மிஞ்சாமல் கழுவி அனுப்பியிருந்தார்.

செங்கம் சாலையில் நேரில் பார்த்த பூக்காரர்கள் அவரிடம் சொன்னார்கள். கார் வேகமாக வந்தது, முன்னால் ஒரு மாடு நின்றது, பையன் ஸ்டீரிங்கைத் திருப்பினான், கார் திரும்பவில்லை. நேராகச் சறுக்கிக்கொண்டு சாலையை விட்டு இறங்கியது. வேதா சாலையில் இல்லை. காரைப் பார்த்ததும் இறங்கி, புளியமரத்தை ஒட்டி நின்றிருந்தாள். புருஷன் சொன்னபடி நின்றிருந்தாள்.

சொன்னவர்கள் யாரும் சாட்சிக்கூண்டு ஏறவில்லை. அவர்கள் அந்த ஊரிலேயே பூ விற்க வேண்டும். காவல்துறை எழுதியது: மழையில் பெண் திடீரெனக் குறுக்கே வந்தார். மறுநாள் காரைச் சோதித்த அதிகாரி எழுதினார்: வாகனத்தில் கோளாறு ஏதும் இல்லை, டயர்கள் நல்ல நிலையில் உள்ளன. உண்மைதானே? அவற்றைப் பூட்டியவர் அப்பாதுரை அல்லவா!

ஊர் வேறொன்று சொன்னது. துக்கம் கேட்க வந்த உறவுக்காரி சரோஜா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அழுவாத துரை. கிரிவலப் பாதையில போன உசுரு. எத்தினி பேருக்குக் கெடைக்கும்? அண்ணாமலையாரே கூப்ட்டுக்கினாரு."

"அவரு எதுக்குக்கா கூப்புடறாரு? அவரு காரா ஓட்டினாரு?"

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இந்த மோட்சத்தைக் கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன். குற்றவாளியின் கைவிலங்கைக் கழற்றி இறந்தவளின் கழுத்தில் மாலையாகப் போட்டுவிட்டான். அரிசி ஆலைக்காரர் பதினாறாம் நாள் நேரில் வந்து, வேதாவின் பெயரில் பௌர்ணமிதோறும் ஆயிரம் பேருக்கு அன்னதானம் போடுவதாகச் சொன்னார். அப்பாதுரை எழுந்து நின்று கைகூப்பினார்.

"சோறு வேணாங்க. மோட்சமும் வேணாம். உங்க பையன்தான் ஓட்டினான்னு போலீஸ்ல நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அதே மாதிரி இதையும் சொல்லிடுங்க. டயரு அந்த டயருன்னு ஒரு வார்த்தை. அவ குறுக்க வந்தான்னு எழுதி வெச்சிருக்காங்க. எம்பொண்டாட்டி எறங்கி நின்னாளுங்க. நான் சொல்லிக் குடுத்ததக் கேட்டு எறங்கி நின்னா."

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அன்னதானம் மட்டும் நடந்தது.

இரண்டு வருடம் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தது. அப்பாதுரை நடந்ததைச் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் மெதுவாகக் கேட்டார்.

"டயரைக் கழற்றியது யார்?"

"நான்தாங்க."

"கழுவியது?"

"நான்தான்."

"உங்கள் முதலாளி அப்படி ஒரு கார் அன்று வரவே இல்லை என்கிறாரே?"

அப்பாதுரை சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். உள்ளே இரண்டு கரும்பச்சைச் சில்லுகள். வக்கீல் அவற்றை எட்டிப் பார்த்தார். "திருவண்ணாமலையில் பச்சை வளையல் போடாத பெண் யார்?" என்றார். யாரோ சிரித்தார்கள்.

தீர்ப்பின் நகலை இனியாதான் வீட்டில் படித்துக் காட்டினாள். பதினொன்றாம் வகுப்புப் பெண் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் சுவரைப் பார்த்துக் கேட்டார். சந்தேகத்தின் பலன் இளஞ்செழியனுக்கு. 'டயர்கள் நல்ல நிலையில்' என்ற இடத்தில் பெண்ணின் குரல் நின்றுவிட்டது.

"படி" என்றார்.

"அம்மா குறுக்க வந்தாங்கன்னு போட்டிருக்குப்பா."

"படி. முழுசாப் படி."

கடை வேலை அந்த வாரமே போயிற்று. இப்போது செங்கம் சாலையில், அந்தப் புளியமரத்துக்குப் பக்கத்தில், தார்ப்பாய் கட்டிக் காற்று அடித்துக் கொடுக்கிறார். காற்றுக்கு நிற்கும் ஒவ்வொரு வண்டியிலும் கட்டைவிரலை வைத்துப் பார்க்கிறார். டயர் வழுக்கையாக இருந்தால், மழைக்காலத்தில், காற்று அடிக்க மறுக்கிறார். "பைத்தியம்" என்று திட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். அந்த மரத்தடியில் யாரோ மஞ்சள் துணி சுற்றிய கல் ஒன்றை நட்டிருக்கிறார்கள். வேகமாக வரும் வண்டிக்காரர்கள் அதைப் பார்த்து ஒரு கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டு, வேகத்தைக் குறைக்காமல் போகிறார்கள். அவர் அந்தக் கல்லைப் பார்ப்பதில்லை. சக்கரங்களைப் பார்க்கிறார்.

அவருக்கு ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை. நீங்களாவது ஒன்று செய்யுங்கள். இதைப் படித்து முடித்ததும் எழுந்து போங்கள். உங்கள் வண்டியின் முன்னால் குனியுங்கள். பழம் வேண்டாம், கற்பூரம் வேண்டாம். கட்டைவிரலை டயரின் பள்ளத்தில் வையுங்கள். நகம் இறங்கப் பள்ளம் இல்லையென்றால், அந்த டயரை மாற்றும்வரை, தயவுசெய்து, மழையில் வண்டியை எடுக்காதீர்கள். சாலையை விட்டு இறங்கி, மரத்தடியில் யாரோ நின்றுகொண்டிருப்பார்கள்.