கம்ப்யூட்டர் அறையில் நான் பிடித்த வைரஸ்

எங்கள் பாடசாலையின் கம்ப்யூட்டர் அறைக்கு நான் பொறுப்பாக இருந்ததற்கு ஒரே காரணம், மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்ததுதான். முதல் நாள் டயகம பஸ் பாதிவழியில் நின்றுவிட்டதால் பிந்திப் போனேன். கடைசி நாள் மழைக்குப் பயந்து சீக்கிரமே கிளம்பிவிட்டேன். நான் தமிழ் வாத்தியார் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஒரு காலையில் விஞ்ஞான டீச்சர் தவணைப் பரீட்சை வினாத்தாளை அடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"சேர், ஒரு எழுத்து அடிச்சா அர நிமிஷம் கழிச்சுத்தான் வருது. உள்ள இருக்க ஃபேனும் லொறி மலையேறுற மாதிரி கத்துதுங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். உள்ளே ஓடிக்கொண்டிருப்பவற்றின் பட்டியல் வந்தது. அதில் எஸ்விசிஹோஸ்ட் என்ற ஒரே பெயர் பத்துப் பன்னிரண்டு தடவை இருந்தது.

"இதுதான் வைரஸ், டீச்சர். குட்டி போட்டிருக்கு பாருங்க."

"கொஞ்சம் பொறுங்க சேர், நான் இன்னும் சேவ்..."

நான் பொறுக்கவில்லை. ஒன்றைப் பிடித்து நிறுத்தப் போனேன். இதை நிறுத்தினால் கம்ப்யூட்டரே நின்றுவிடும் என்று எச்சரிக்கை வந்தது. "நம்மளப் பயமுறுத்திப் பாக்குது" என்று டீச்சருக்கு விளக்கம் வேறு சொல்லிவிட்டு அமுக்கினேன். திரை நீலமாகி நின்றது.

பதினெட்டுக் கேள்விகள் போய்விட்டன. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுபடி போட்டதும் அதே கத்தல். இந்தத் தடவை டீச்சர் என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார்.

"அதிகமா இழுக்கிறது எதுன்னு மொதல்ல பாப்போம்."

ஒன்று மட்டும் பட்டியலின் உச்சிக்கு வந்தது. மற்றவை சாதுவாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் எந்த ஃபோல்டரிலிருந்து ஓடுகிறது என்று பார்த்தார். நான் கொன்றது உட்பட எல்லாமே சிஸ்டத்துக்குரிய இடத்தில் இருந்தன. செய்த கம்பெனியின் டிஜிட்டல் கையொப்பமும் இருந்தது. உச்சியில் இருந்தது மட்டும் குப்பை சேரும் டெம்ப் ஃபோல்டரில், கையொப்பம் இல்லாமல்.

"பேரப் படிங்க சேர்."

"எஸ்விசிஹோஸ்ட்."

"எழுத்துக்கூட்டிப் படிங்க."

எஸ், சி, வி. இரண்டு எழுத்து இடம் மாறியிருந்தது. பிள்ளைகளின் கொப்பிகளில் ளகரம் பிழைத்தால் சிவப்பு வட்டம் போட்டே பேனாவைத் தீர்க்கிறவன் நான்.

"ஃபைலோட திகதியப் பாத்தா, இது போன செவ்வாக்கிழம காலையில வந்திருக்கு. அன்னைக்கு யாருங்க இங்க இருந்தா?"

நான்தான் இருந்தேன். பாடசாலைச் சஞ்சிகையின் அட்டைக்கு அலங்கார எழுத்துரு தேடி, இலவசமாகக் கிடைத்த ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுவந்தேன். கம்ப்யூட்டரில் இருந்த வைரஸ் காவல் புரோகிராம் அதை உள்ளே விடமாட்டேன் என்றது. தொந்தரவாக இருக்கிறதென்று காவலையே நிறுத்தினேன். ஒரு கம்ப்யூட்டரில் அல்ல, அறையில் இருந்த எட்டிலும்.

இன்டர்நெட் வயரைக் கழற்றி, காவலை மறுபடி போட்டு, எட்டையும் சோதித்துத் துடைக்க இரண்டு நாள் போனது. பென்டிரைவையும் அழித்தோம். என் பாடக்குறிப்புகளும் அதோடு போயின.

இதற்கிடையில் பாடசாலை அதிபர் எட்டிப் பார்த்தார். "எங்க இருந்துங்க சேர் வந்துச்சு இந்த வைரஸ்?"

"வெளியில இருந்துதான் மேடம்" என்றேன். டீச்சர் என்னையே பார்த்தார். "என் பென்டிரைவ்ல இருந்து" என்று முடித்தேன். அதிபர் சிரித்த சிரிப்பு பக்கத்து வகுப்புக்கும் கேட்டிருக்கும்.

வினாத்தாளை நானே அடித்துத் தருகிறேன் என்றேன். டீச்சர் ஜன்னலோரம் நின்று நினைவிலிருந்து சொல்லச் சொல்ல அடித்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் "சேவ் பண்ணுங்க சேர்" என்றார். பதினாறாவது மட்டும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. புதிதாக ஒன்று யோசித்துப் போட்டார். பரீட்சையில் வகுப்பு முழுவதையும் கவிழ்த்தது அந்தக் கேள்விதானாம்.