கல்லான சுறாப்பல்லும் மூன்றாம் வருஷத்துப் பால்குடமும்

ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் எண்பதுகளில் ஈப்போவில் எனக்குச் சொந்த லாரி இரண்டு ஓடின. உள்ளங்கை அகலத்துக்குச் சுறாப்பல் பதினொன்று வைத்திருந்தேன். படித்தவன் எவன் வீட்டிலும் அது கிடையாது. லூமுட் துறைமுகத்துக்குச் சாமான் ஏற்றிப் போகும்போது, ஜாவாக்காரக் கப்பலாள் ஒருவன் கொண்டுவந்து தருவான். அவன் ஊரில் ஆற்றங்கரையைத் தோண்டினால் வருமாம். மனுஷனே பிறக்காத காலத்து மீன்; பல் கல்லாகிவிட்டது. மீன் என்றால் சாமி இருக்கும் ஹாலில் வைக்க விடமாட்டாள் என்பதால் மனைவியிடம் மட்டும் கல் என்று சொல்லியிருந்தேன்.

பீடோர் பக்கம் என் லாரி கவிழ்ந்து, நான் ஒரு கீறல் இல்லாமல் எழுந்து வந்தேன். அதற்காக மூன்று தைப்பூசம் பால்குடம் எடுப்பதாக அவள் வேண்டிக்கொண்டாள். விரதம் முறிந்தால் மறுபடி முதலிலிருந்து மூன்று வருஷம். மூன்றாம் வருஷம், பூசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பூசாரி வீட்டுக்கு வந்தார். பல்லைக் கையில் எடுத்து என்னவென்று கேட்டார். கேட்டால் சொல்லாமல் இருப்பேனா?

"சுறா, சாமி. நம்ம லாரி ரெண்டையும் சேர்த்து நிறுத்தினா அவ்வளவு நீளம். திமிங்கலத்தையே கடிச்சுத் தின்னும்."

காப்பி கொண்டுவந்த மனைவி அப்படியே நின்றாள்.

"மீன் பல்லாங்க இது? வெள்ளிக்கிழமை தவறாம குத்துவிளக்கோட சேர்த்துப் புளி போட்டுத் தேய்ச்சேனே! என் விரதம் போச்சே!"

பூசாரி பல்லைக் கீழே வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "மீனா, கல்லா? உன் வாயாலேயே சொல்லுலா. நீ சொல்றதுதான்."

அவள் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது.

"கல்லு," என்று முனகினேன்.

"கேக்கல."

"வெறும் கல்லு, சாமி. ஜாவாக்காரன் என்னை ஏமாத்திட்டான்."

நான் ஏமாந்தேன் என்று சொன்னது என் ஆயுசில் அந்த ஒரு தடவைதான்.

"கல்லைத் தொட்டா குத்தமில்லம்மா," என்று விபூதி கொடுத்தார்.

பூசத்தன்று பால்குடத்தை ஒரு சொட்டுச் சிந்தாமல் கோயிலுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். பின்னால் நடந்த என்னிடம், லகாட்டிலிருந்து வந்த அவள் தம்பி கேட்டான்.

"என்ன மச்சான், கல்லைக் காட்டி ஏமாத்திட்டானாமே?"

"ஆமா."

மூன்றாம் நாள் இடும்பன் பூசையோடு விரதம் முடிந்தது. மத்தியானம் வீட்டில் மீன் குழம்பு. சாப்பிட்டுக் கை கழுவியதும் அவள் தம்பியைப் பல் வைத்திருந்த அலமாரி முன்னால் நிறுத்தினேன்.

"சுறா. லாரி ரெண்டு நீளம்."

சமையல்கட்டிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "மூணு லாரின்னே சொல்லுங்க. வேண்டுதல்தான் முடிஞ்சிருச்சே."