மாப்பிள்ளை சாரின் ஆங்கிலமும் ஒரு கூடை எலுமிச்சையும்

1. முதல் நாள்

முதலாளியின் மருமகன் மேனேஜராகப் பொறுப்பேற்ற அன்று காலை ஒன்பது மணிக்குப் பேச ஆரம்பித்தார். ஒன்பது மணி ஒரு நிமிடத்துக்கெல்லாம் கம்பெனி வேலை நின்றுபோனது.

அவர் சொன்னது இவ்வளவுதான்: "கய்ஸ், இந்த சீசன் நம்ம டைனமைட் டீம், சோசியல் மீடியால நாம ப்ளோ அப் ஆகப் போறோம்!"

தொழிலாளர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சூப்பர்வைசர் பேச்சியம்மாள் கையைத் தட்டினாள். எல்லோரும் வரிசையாகத் தொட்டிக்குப் போய்க் கை கழுவிவிட்டு, கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மேடையில் மாப்பிள்ளை சார் மட்டும் மைக்கைப் பிடித்தபடி நின்றார். பாவமாகத்தான் இருந்தது.

புதிதாக வருகிறவர்களுக்கு இதை விளக்கிவிடுகிறேன். ஏழாயிரம்பண்ணை போகிற வழியில் இருந்த எங்கள் பட்டாசுக் கம்பெனியில், முதலாளியின் அப்பா காலத்திலிருந்து ஒரு வழக்கம். கேட்டுக்கு உள்ளே வெடி, தீ சம்பந்தப்பட்ட சொல் எதுவும் வாயில் வரக் கூடாது. பெரிய வெடிக்குப் பச்சை உருண்டை என்று பெயர், தீக்கு வெளிச்சம். யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் எல்லோரும் வேலையை நிறுத்தி, கையில் ஒட்டிய மருந்தைக் கழுவிவிட்டு வெளியேற வேண்டும். சொன்ன ஆளே எலுமிச்சம்பழம் வாங்கி வந்து, கேட்டைச் சுற்றி இடது காலால் நசுக்க வேண்டும். அதன் பிறகு, உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் பதித்திருக்கும் காப்பர் பிளேட்டைத் தொட்டுவிட்டு ஒவ்வொருவராக உள்ளே வரலாம். அரை மணி நேரம் காலி.

"பேச்சியம்மா, நான் நல்ல அர்த்தத்துலதான் சொன்னேன். நாம ஃபேமஸ் ஆவோம்னு அர்த்தம்" என்றார் அவர்.

"தெரியும் சார். உள்ள பி.காம். படிச்ச பிள்ளைக இருக்கு, அர்த்தம் எல்லாம் சொல்லிருச்சுக. ஆனா வாயில வந்துருச்சுல்ல? பெட்டிக் கடையில பழம் கெடைக்கும், போயிட்டு வாங்க."

2. எனக்குக் கிடைத்த பதவி

நான் டெஸ்பாட்ச் செக்ஷன். லாரி வந்ததா, லோடு போனதா என்பது என் வேலை. வடநாட்டுக் கடிதங்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுகிறவள் என்பதால், எந்த ஆங்கிலச் சொல் கணக்கில் வரும், எது வராது என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. யாரும் கேட்டு வாங்குகிற பதவி இல்லை.

கேட்டுக்கு வெளியே இருந்த என் அறை வாசலில் பேச்சியம்மாள் வந்து நிற்பாள்.

"அக்கா, சேல்ஸ் பூம் ஆகுதுன்னாரு. பூம் வருமா?"

"வரும்."

"லேபிளைப் பாத்துட்டு மைண்ட் ப்ளோயிங்னாரு."

"வரும்."

"சாம்பாரைக் கில்லர்னாரு."

"அது கொலை. நம்ம டிபார்ட்மென்ட் இல்ல, விடு."

லேபிளில் ஸ்பார்க் இல்லை என்று அவர் சொன்னதற்கு ஒரு நாள் வேலை நின்றது. மாமனாரின் முன்கோபத்தை ஷார்ட் ஃப்யூஸ் என்று போனில் யாரிடமோ சொன்னதற்கு ஒரு நாள். கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்த ஆள் ஃபயர்வால் என்றான். அவனும் பழம் நசுக்கிவிட்டுத்தான் பில் கொடுத்தான். ஆனால் நாங்கள் ஒட்டுகிற லேபிள்களில் உலகத்தில் உள்ள அத்தனை வெடிச் சொற்களும் அச்சாகியிருந்தன. அதை மாப்பிள்ளை சார் சுட்டிக்காட்டினார். எழுத்துக்குக் கிடையாது, வாய்க்கு மட்டும்தான் என்று தீர்ப்பளித்தேன். எங்கிருந்து எனக்கு அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியவில்லை.

வெயில் ஏற ஏற, பேக்கிங் பிள்ளைகள் கெட்டிக்காரிகள் ஆனார்கள். தகரக் கூரைக்குக் கீழே வேர்த்துக் கொட்டும்போது ஒருத்தி கேட்பாள், "சார், நேத்து மேட்சு எப்படி சார்?"

"டோட்டல் ப்ளாஸ்ட்!"

மரத்தடியில் அரை மணி நேரம் நல்ல காற்று.

"ஏ புள்ளைகளா, அந்த மனுசன் வாயைக் கிண்டாதீங்கடி" என்று பேச்சியம்மாள் திட்டுவாள். திட்டிக்கொண்டே அவளும் கை கழுவப் போவாள். பெட்டிக் கடைக்காரர் எங்களை நம்பியே கூடை கூடையாக எலுமிச்சை இறக்கினார்.

ஒரு நாள் மாப்பிள்ளை சாருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இனி எவளாவது வேலையை நிறுத்தினா ஃபயர் பண்ணிடுவேன்!" என்றார். அதற்கும் நின்றது. ஆளை வேலையை விட்டு அனுப்புவதாக மிரட்டக்கூட முடியாத ஒரே மேனேஜர், எனக்குத் தெரிந்து, அவர்தான்.

3. ஜெய்ப்பூர் லோடு

இப்படியே போனதில் சரக்கு பின்தங்கியது. முதலாளி மருமகனைக் கூப்பிட்டு மரியாதையாகவே சொன்னார்: "மாப்ளே, ஜெய்ப்பூர் லோடு வெள்ளிக்கிழமை பொழுது சாயுறதுக்குள்ள வண்டி ஏறணும். ஏறலைன்னா நீங்க பெங்களூருக்கே பஸ் ஏறிருங்க. வேற ஆள் பாத்துக்கிடுதேன்."

அன்று அவர் என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். "அக்கா, பெங்களூர்ல ஆள் குறைச்சப்போ என்னையும் அனுப்பிட்டாங்க. வீட்ல மாசமா இருக்கா. இதுவும் போச்சுன்னா எனக்கு வேற இடமில்லை" என்றார். அதுவரை அவரை நினைத்துச் சிரித்த எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

"வாயைத் திறக்காதீங்க தம்பி. ரெண்டே நாள்" என்றேன்.

அவர் நிஜமாகவே திறக்கவில்லை. வாயில் பாக்கை ஒதுக்கிக்கொண்டு, கையாலும் தலையாலும் வேலை வாங்கினார். மேட்சைப் பற்றிக் கேட்ட பிள்ளைகளிடம் கட்டை விரலைக் காட்டினார். வேலை பறந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முக்கால் லாரி நிரம்பிவிட்டது.

அப்போதுதான் முதலாளி கார் வந்து நின்றது.

"எம்புட்டுப் பெட்டி பாக்கி?"

மாப்பிள்ளை விரலைக் காட்டினார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? எப்ப முடியும்?"

பொழுது சாய்வதற்குள் என்று வானத்தைக் காட்டிக் கையை அசைத்தார். முதலாளிக்கு முகம் சிவந்துபோனது. "விஸ்வநத்தம் கம்பெனிக்காரன் வரைக்கும் நம்மளைப் பாத்துச் சிரிக்கான். வாயைத் திறந்து பேசுமய்யா! எனக்கு மண்டை வெடிச்சிரும் போல இருக்கு!"

லாரிப் பக்கம் சத்தம் நின்றது. தலையில் பெட்டியோடு நின்ற பிள்ளை அப்படியே நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆங்கிலத்துக்குத்தான் என் தீர்ப்பு வேண்டும். சுத்தத் தமிழுக்கு யாருடைய தீர்ப்பு வேண்டும்?

பேச்சியம்மாள் தொட்டிக்குப் போய்க் கையைக் கழுவினாள்.

"ஏத்தா, நான் எம் மண்டையைச் சொன்னேன்" என்றார் முதலாளி.

"வெளிய வச்சுச் சொல்லிக்கிடுங்க மொதலாளி."

"லோடு நிக்குதுல்ல?"

"நிக்கட்டும். மாப்ள சாரை எத்தனை தடவை பழம் வாங்க ஓட விட்டோம்? உங்களை மட்டும் விட்டுட்டா, நாளைக்கு எவனாவது இரும்புக் கரண்டியோட மருந்து ரூமுக்குள்ள வந்தா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தடுக்க? மொதலாளிக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணான்னு கேக்க மாட்டானா?"

இரும்பு உரசிப் பொறி பட்டால் வெடிமருந்து அறையே போய்விடும். அவளுக்கும் குடும்பம் உண்டு, வேலை போய்விடும் என்ற பயம் உண்டு.

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டிக் கடைக்கு நடந்தார். கூடை காலி; மாப்பிள்ளை வாயை மூடியிருந்த ரெண்டு நாளும் கடைக்காரர் பழம் இறக்கவில்லை. கடைக்காரர் சைக்கிளில் பக்கத்து ஊருக்குப் போய்ப் பழம் கொண்டு வரும் வரை, முதலாளி எங்களோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவர் நசுக்கி முடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. இருட்டில் லோடு ஏற்றுவது கிடையாது.

மாப்பிள்ளை பாக்கைத் துப்பிவிட்டு, மாமனார் முன்னால் போய் நின்றார். "மாமா, நான் பெங்களூருக்குக் கிளம்பட்டுமா?"

"எதுக்கு? காலையில வெள்ளன வந்து மிச்சத்தை ஏத்துங்க. ஜெய்ப்பூர்க்காரன்ட்ட நான் பேசிக்கிடுதேன், நிப்பாட்டினது நான்னு."

அந்த வழக்கத்தை நான் ஒரு நாளும் நம்பியதில்லை. ஒரு சொல்லைக் கேட்டு மருந்து தானாகத் தீப்பிடிக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஏதாவது ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னிடம் வந்து, சுவரில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு விதிகளில் எதை நிஜமாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்று கேட்டால், நான் சுவரைப் பார்க்கச் சொல்வதில்லை. முதலாளியே தப்புச் செய்தாலும் வேலையை நிறுத்திக் கை கழுவப் போகிற ஆள் அந்தக் கம்பெனியில் யார் என்று விசாரித்து, அந்த ஆளின் கண் பார்வையிலேயே வேலை செய்யச் சொல்கிறேன்.