அண்ணன் கட்டிய பிரஷ்

எங்கள் அண்ணன் கர்த்தரிடம் போய் ஓராண்டு நிறைகிறது. நினைவுக் குறிப்பை நான்தான் எழுத வேண்டும் என்று முடிவானபோது, "பெரும அடிக்காம எழுதணும், கேட்டியா?" என்றார் மதினி. அது ஒன்று மட்டும் என்னால் ஆகாது.

அண்ணன் வெள்ளறடையில் பிறந்தவர். அப்பா ரப்பர் பால் வெட்டப் போய் எங்களை வளர்த்தார். நெய்யாற்றின்கரையில் ஒரு பட்டறையில் சவரப் பிரஷ் கட்டக் கற்ற அண்ணன், கல்யாணத்துக்குப் பின் அமரவிளை வீட்டிலேயே அந்த வேலையைத் தொடங்கினார். ரோமத்தை நுனி கீழாகச் சிறு மரக்கிண்ணத்தில் இட்டு, தட்டித் தட்டி இறக்குவார். கிண்ணத்தின் குழிவே பிரஷ்ஷின் தலைக்கு உருண்டை வடிவம் தரும். பிறகு அடியை நூலால் இறுகக் கட்டிப் பசையில் உறைய வைப்பார். அடியைத்தான் வெட்டலாம். நுனியை வெட்டினால் கன்னத்தில் குத்தும். இது தெரியாமல் நான் ஒருநாள், உதவி செய்கிறேன் பேர்வழி என்று, ஒரு தட்டு நிறைய இருந்த கட்டுகளின் நுனியை அழகாக, சமமாக நறுக்கி வைத்தேன். அண்ணன் திட்டவில்லை. "மக்கா, நீ போய் சோறு வடி" என்றார். அன்று முழுக்க அழுதேன்.

கட்டியதை நனைத்து, சீவி, இழுத்துப் பார்ப்பார். மூன்றாம் முறை நனைத்த பிறகும் ஒரு முடி உதிர்ந்தால் அதை விற்கமாட்டார். அந்தக் கழிவுகளை வைத்துத்தான் தமக்குச் சவரம் செய்துகொள்வார். ஞாயிறு ஆராதனைக்குத் தாடையில் இரண்டு முடி ஒட்டிக்கொண்டே வருவார்.

"நல்லது ஒண்ணு எடுத்து வச்சாலென்ன அண்ணா?" என்று சண்டை பிடிப்பேன்.

"எனக்கு என்னத்துக்கு மக்கா? அடுத்தவன் மொகத்துல உதிர்ந்தாலாக்கும் நாணக்கேடு" என்பார்.

கடைசி நாட்களில் படுக்கையில் கிடந்ததால் தாடி வளர்ந்துவிட்டது. சவப்பெட்டியில் வைக்குமுன் அவர் கட்டிய பிரஷ்ஷாலேயே சவரம் செய்ய வேண்டும் என்று வீடு முழுக்கத் தேடினோம். நல்லவை எல்லாம் விற்றுப் போயிருந்தன. கிடைத்தவை கழிவுகள் மட்டுமே. எனக்கு வந்ததே கோபம்! "இத வச்சு எங்க அண்ணனத் தொடப்பிடாது" என்று முற்றத்தில் நின்று கத்தினேன்.

சவரம் செய்யப் பாறசாலையிலிருந்து வந்திருந்த சலூன் கடைக்காரர் தம் பையைத் திறந்தார். "ஒச்ச வைக்காதீங்க அக்கா. இருபது வருசமா எனக்க கடையில உள்ளது. அண்ணன் கெட்டினதாக்கும்."

கைப்பிடியின் சாயமெல்லாம் போயிருந்தது. கட்டு அப்படியே இருந்தது. அவர் நுரை பூசியதும் குனிந்து பார்த்தேன். அண்ணன் முகத்தில் ஒரு முடிகூட உதிரவில்லை.

அந்தப் பிரஷ்ஷைப் பெட்டியில் அண்ணனோடு வைக்கக் கேட்டேன். "நாளைக்கு கட தொறக்காண்டாமா அக்கா?" என்று கழுவிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மாதக்கணக்கில் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அயல்வீட்டுத் தம்பிக்கும், பொழியூரிலிருந்து மீனோடு வந்து பார்த்த உறவினருக்கும், கூட இருந்து ஜெபித்த சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நான் அவ்வளவு கேட்டும் பிரஷ்ஷைத் தராமல் கொண்டுபோன கடைக்காரருக்கு என் தனி நன்றி. போன வாரமும் போய்ப் பார்த்தேன். அதை வைத்து யாருக்கோ சோப்பு போட்டுக்கொண்டிருந்தார்.